காரின் பிரேக் விளக்கு பல்பை வீட்டிலேயே மாற்றுதல்: சிங்கப்பூர் ஓட்டுநர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு காரின் பிரேக் விளக்கு எரியவில்லை என்பது பின்னால் வருபவருக்கு உடனே தெரியும். காரை ஓட்டுபவருக்குத்தான் கடைசியில் தெரிகிறது. முன்விளக்கு போனால் இரவில் சாலை இருண்டு காட்டிக்கொடுத்துவிடும். இண்டிகேட்டர் பல்பு போனால் டிக் டிக் ஒலி வேகமெடுத்து எச்சரிக்கும். பிரேக் விளக்குக்கு அத்தகைய முன்னறிவிப்பு பல கார்களில் கிடையாது. தீவு விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், பின்னால் வருபவர் அரை வினாடி தாமதமாக உணர்ந்தாலும் அதன் விலை என்ன என்பது விளங்கும். சாலையில் ஓடும் வாகனத்தின் விளக்குகள் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பும்கூட.

பல்பை மாற்றும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டு வேலைகளில்தான், அதாவது உண்மையில் பழுதானது எது என்று கண்டறிவதிலும் சரியான பல்பைத் தேர்ந்தெடுப்பதிலும்தான், பலர் சறுக்குகிறார்கள். பல்பு நன்றாக இருக்கும்போது புதிய பல்பு வாங்கி மாட்டுவதும், தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் வேறு வகையை வாங்கிவந்து ஹோல்டருக்குள் வலிந்து திணிப்பதும் அடிக்கடி நடக்கின்றன. ஆகவே இவ்வழிகாட்டி அந்த இரண்டுக்கும் அதிக இடம் ஒதுக்குகிறது.

பழுது எங்கே என்று முதலில் கண்டறியுங்கள்

பெரும்பாலான கார்களில் பின்புறம் மூன்று பிரேக் விளக்குகள் உள்ளன: இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, பின்கண்ணாடியின் அருகே நடுவில் உயரமாக ஒன்று. மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். உதவிக்கு ஒருவர் இருந்தால் அவரைக் காருக்குப் பின்னால் நிற்கவைத்துப் பிரேக்கை மிதித்துக் காட்டலாம். தனியாக இருப்பவர், பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காரின் பின்பகுதி சுவரைப் பார்த்திருக்கும்படி பின்னோக்கி நிறுத்திவிட்டு, வெளிச்சம் மங்கிய நேரத்தில் பிரேக்கை மிதித்துக் கண்ணாடிகள் வழியே சுவரைப் பார்த்தால் போதும். ஒரு பக்கச் சிவப்பு மட்டும் குறைந்திருப்பது தெளிவாகத் தெரியும். கைபேசியைப் பின்புறம் எதன்மீதாவது சாய்த்து வைத்துக் காணொளி எடுத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பார்ப்பது இன்னும் நம்பகமான வழி. நடு விளக்கையும் அது சேர்த்துப் பிடித்துவிடும்.

பெரும்பாலான கார்களில் இயந்திரத்தை இயக்காமலேயே பிரேக் விளக்கு எரியும். சில கார்களில் மட்டும் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்ப வேண்டியிருக்கும். பொத்தானை அழுத்தி இயக்கும் கார் என்றால், பிரேக்கை மிதித்தபடியே பொத்தானையும் அழுத்தினால் இயந்திரம் இயங்கத் தொடங்கிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காருக்குப் பின்னால் ஒருவர் குனிந்து நிற்கும்போது அது வேண்டாத வேலை.

இப்போது நீங்கள் கண்டதைக் கொண்டு முடிவுக்கு வரலாம். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, அதன் ஹோல்டர், அல்லது அந்தப் பக்கத்து எர்த் இணைப்பு (மின்சாரம் காரின் உடற்பகுதி வழியே திரும்பிச் செல்வதற்கான இணைப்பு) ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். அவற்றிலும் பல்புதான் முதல் சந்தேகத்துக்கு உரியது. மூன்றும் ஒருசேர எரியவில்லை என்றால் பல்பு காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஃபியூஸையும், பிரேக் பெடலுக்கு மேலே பொருத்தப்பட்டுள்ள சிறிய சுவிட்சையும் பார்க்க வேண்டும். நடு விளக்கு மட்டும் எரிந்து இரு பக்கமும் இருண்டிருந்தால் அவசரப்பட்டு ஃபியூஸைக் குறைகூறிவிட வேண்டாம்: ஒரு பல்பு சில மாதங்களுக்கு முன்பே கருகி, யாரும் கவனிக்காமல் விட்டு, இப்போது மற்றொன்றும் போயிருக்கலாம். நடு விளக்குக்கு மின்சாரம் வருகிறது என்றாலே பெடல் சுவிட்ச் வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

பெடல் சுவிட்ச் தன் பழுதை வேறு வழிகளிலும் காட்டிக்கொடுக்கும். தானியங்கி கியர் உள்ள காரில் பிரேக்கை மிதித்தும் கியரை 'பி' நிலையிலிருந்து எடுக்க முடியாமல் போவதும், பொத்தான் வகைக் கார் இயங்க மறுப்பதும் அதன் அறிகுறிகள். ஏனெனில் பிரேக் மிதிக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தியை அந்த அமைப்புகளுக்கும் இதே சுவிட்சே அனுப்புகிறது. இதற்கு நேர்மாறான பழுது ஒன்றும் உண்டு: பெடலை மிதிக்காதபோதும் பிரேக் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். அப்படியானால் ஓட்டுநரின் கால்மிதியை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். பெடல் பின்வாங்கும்போது சுவிட்சின் முனையை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வில்லை பழைய கார்களில் உலர்ந்து உதிர்ந்துவிடுவது வழக்கம். பிஸ்கட் தூளாக உடைந்த அதன் துண்டுகள் மிதியின்மீது கிடக்கும். வில்லையின் விலை அற்பம்தான், ஆனால் பெடலுக்கு மேலே தலையை நுழைத்துப் படுத்தபடி பொருத்த வேண்டும் என்பதால், இடுப்பு வலி உள்ளவர்கள் பட்டறையிடம் விட்டுவிடுவது நல்லது.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல கார்களில் இரவில் எரியும் டெயில் லைட்டும் பிரேக் விளக்கும் ஒரே பல்பில் இருக்கின்றன. அந்த பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு: மங்கலாக எரிவதற்கு 5 வாட் இழை, பிரகாசமாக எரிவதற்கு 21 வாட் இழை. இவற்றில் 21 வாட் இழை மட்டும் அறுந்துபோனால், இரவில் காரைச் சுற்றி வந்து பார்ப்பவருக்கு இரு பக்கமும் சிவப்பாகவே தெரியும், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே தோன்றும். பெடலை மிதித்துப் பார்க்காமல் பின்விளக்கைச் சோதித்ததாகச் சொல்ல முடியாது.

எந்த பல்பு வேண்டும்?

காரின் கையேட்டின் கடைசிப் பகுதியில் பல்புகளின் அட்டவணை இருக்கும். கையேடு தொலைந்துபோயிருந்தால் கவலை இல்லை; பழைய பல்பின் உலோக அடிப்பகுதியிலோ கண்ணாடிக் காம்பிலோ எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் துடைத்து, கைபேசியின் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

உலோக அடிப்பகுதி உள்ள வகையில், ஒற்றை இழை பல்பின் பெயர் பி21டபிள்யூ. கடைகளில் 1156 என்ற எண்ணிலும் கிடைக்கும். இதன் இருபுறமும் உள்ள சிறு முனைகள் ஒரே உயரத்தில் இருக்கும், அடியில் ஒரே ஒரு மின்தொடுமுனை இருக்கும். இரட்டை இழை பல்பின் பெயர் பி21/5டபிள்யூ. அதன் மற்றோர் எண் 1157. இதன் பக்க முனைகளில் ஒன்று உயரத்திலும் மற்றொன்று தாழ்விலும் இருக்கும், அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கும். முனைகள் ஏற்றத்தாழ்வாக இருப்பது தற்செயலானதன்று. பல்பு ஒரே ஒரு திசையில் மட்டும் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கின் மின்சாரம் மங்கலான இழைக்கும், டெயில் லைட்டின் மின்சாரம் பிரகாசமான இழைக்கும் போய்விடும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஜப்பானிய முத்திரையுள்ள பெட்டிகளில் இவ்விரண்டும் எஸ்25 என்ற பொதுப்பெயரில் வரும். அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஒற்றை இழையா, இரட்டை இழையா என்பது பிடிபடாது.

இண்டிகேட்டருக்கான ஆரஞ்சு நிற பல்பு, பிஒய்21டபிள்யூ, இதே அளவிலும் இதே உருவிலும் இருக்கும். அதன் பக்க முனைகள் நேரெதிராக இல்லாமல் சற்றே ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். வெறும் கண்ணால் பார்க்கும்போது இந்த வேறுபாடு தப்பிவிடலாம். ஹோல்டரில் மாட்டும்போது 'இறுக்கமாக இருக்கிறது' என்று தோன்றுமே தவிர 'தவறானது' என்று தோன்றாது. இறுக்கமாக இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

உலோக அடிப்பகுதியே இல்லாமல், கண்ணாடியின் அடிப்பகுதி தட்டையாக ஆப்புபோல் அமைந்திருக்கும் வகையும் ஜப்பானிய, கொரியக் கார்களில் பரவலாக உண்டு. ஒற்றை இழை என்றால் டபிள்யூ21டபிள்யூ அல்லது 7440. இரட்டை இழை என்றால் டபிள்யூ21/5டபிள்யூ அல்லது 7443. இவை ஒன்றின் ஹோல்டரில் மற்றொன்று நுழைந்துவிடும் என்பதுதான் தொல்லை. இரட்டை இழைக்கான ஹோல்டரில் ஒற்றை இழை பல்பைச் செருகினால் டெயில் லைட், பிரேக் இரண்டின் மின்சுற்றுகளும் ஒன்றோடொன்று இணைந்துபோய், பிரேக்கை மிதித்தால் தொடர்பில்லாத விளக்குகள் எரியும் விசித்திரங்கள் நேரும். நடு விளக்கில் பல்பு இருந்தால் அது பெரும்பாலும் டபிள்யூ16டபிள்யூ எனப்படும் சிறிய ஆப்பு வகை.

நிறத்தையும் பார்க்க வேண்டும். பின்விளக்கின் வெளி மூடி சிவப்பாக இருந்தால் பல்பு நிறமற்றது. மூடியே நிறமற்றதாக இருக்கும் சில கார்களில் பல்பின் கண்ணாடி சிவப்பாக இருக்கும். அங்கே சாதாரண பல்பைப் போட்டால் பிரேக் விளக்கு வெள்ளையாக எரிந்து, கார் பின்னோக்கி வருகிறதோ என்று பின்னால் வருபவரை மிரளவைக்கும்.

வாங்குவதற்குச் சின் மிங், காக்கி புக்கிட், உபி ஆகிய வட்டாரங்களில் உள்ள உதிரிபாகக் கடைகளுக்குச் செல்லலாம். காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பழைய பல்பைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று மேசையில் வைப்பதுதான் மேல். ஒரே காரின் வெவ்வேறு ஆண்டுப் பதிப்புகளில் பல்பு வகை மாறியிருக்கும். இணையாக இறக்குமதி செய்யப்பட்ட கார்களில் ஜப்பானுக்கான பின்விளக்கு இருக்கக்கூடும். கடைக்காரர் பெயரை வைத்து ஊகித்துத் தருவதைவிடப் பொருளைப் பார்த்துத் தருவது பிழையற்றது. பிலிப்ஸ், ஓஸ்ராம், கொய்ட்டோ, ஸ்டான்லி போன்ற பெயர்பெற்ற முத்திரைகளைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண பல்புக்குச் சில வெள்ளிதான் செலவாகும் என்பதால், பெயர் தெரியாத முத்திரையில் சில காசுகளை மிச்சப்படுத்துவதில் பொருளில்லை. இரண்டாக வாங்குங்கள்: இருபுற பல்புகளும் ஒரே காலம் எரிந்தவை என்பதால், ஒன்று போனபின் மற்றதும் அதிக நாள் தாங்காது.

எல்லாக் கார்களிலும் இந்த வேலை சாத்தியமில்லை என்பதையும் கடைக்குக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பின்விளக்கில் எல்இடி பொருத்தப்பட்ட கார்களில் தனி பல்பு என்று ஒன்றும் இராது. எல்இடி அணைந்தால் பெரும்பாலும் விளக்குத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். பிரேக்கை மிதித்தவுடன் வெடுக்கென்று எரிந்து, விட்டவுடன் வெடுக்கென்று அணைந்தால் அது எல்இடி. இழை பல்பு கணநேரம் தயங்கி எரிந்து, மெல்லத் தணியும்.

இடமும் கருவிகளும்

வீவக கார் நிறுத்துமிடம் வாகனம் நிறுத்துவதற்கான இடம், பட்டறையன்று. பல்பு மாற்றுவதோடு வேலையை முடித்துக்கொண்டு, பக்கத்து இடத்தில் கருவிகளைப் பரப்பாமல் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. சோதிக்கும்போது பின்பகுதி சுவரைப் பார்க்க வேண்டும். வேலை செய்யும்போது அப்படியே நின்றால் பின்பெட்டியைத் திறந்துவிட்டு நிற்க இடமிராது. ஆகையால் காரைத் திருப்பி, முன்பகுதி சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கார்கள் குறைவாக வரும் மேல்தளத்தில் ஒரு மூலை இடம் கிடைத்தால் மிக நன்று. ஆனால் திறந்த தளத்தில் பிற்பகல் வெயிலும் திடீர் மழையும் உண்டு என்பதால் அதற்கு ஒரு தளம் கீழே நிற்பது புத்திசாலித்தனம்.

நட்சத்திரமுனைத் திருப்புளி, 10 மில்லிமீட்டர் சாக்கெட் ஸ்பேனர், கிளிப்புகளை நெம்பி எடுக்கும் பிளாஸ்டிக் கருவி, பருத்திக் கையுறை, சுத்தமான துணி, கைவிளக்கு ஆகியவை போதும். கழற்றும் திருகுகளைப் போட்டுவைக்க ஒரு சிறு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பம்பருக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள பிளவுக்குள் விழுந்த நட்டு எளிதில் திரும்பிவராது.

கையால் பல்பின் கண்ணாடியைத் தொடக்கூடாது என்ற எச்சரிக்கை உண்மையில் முன்விளக்குகளில் உள்ள ஹாலோஜன் பல்புகளுக்கு உரியது. சாதாரண 21 வாட் பல்பு விரல் எண்ணெய் பட்டதால் வெடித்துவிடாது. எனினும் சில ஐரோப்பியக் கார்களில் பிரேக் விளக்கிலும் ஹாலோஜன் பல்பு வருவதால், துணியால் பிடித்துப் பழகிக்கொள்வதில் இழப்பில்லை.

பல்பை அடைதல்

இயந்திரத்தையும் எல்லா விளக்குகளையும் அணைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்தான் காரை ஓட்டினீர்கள் என்றால் பல்பு ஆற ஐந்து நிமிடம் கொடுங்கள்.

நான்கு கதவு செடான் கார்கள் பலவற்றில் பின்பெட்டியின் உட்பக்கத்திலிருந்தே பல்பை அடையலாம். விளக்குக்கு நேர்பின்னால் உள்ள உள்விரிப்பில் சிறிய மூடி இருந்தால் அதைத் திறந்தால் போதும். மூடி இல்லாவிட்டால், விரிப்பைப் பிடித்துவைத்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளில் இரண்டு மூன்றைக் கழற்றி அதை உட்புறமாக மடிக்கலாம். இந்தக் கிளிப்புகளின் நடுவே ஒரு குமிழ் இருக்கும். அதை முதலில் மேலே இழுத்தபின்தான் முழுக் கிளிப்பும் வெளியே வரும். நடுக்குமிழை விட்டுவிட்டு விளிம்பைப் பிடித்து இழுத்தால் கிளிப் உடையும்.

ஹேட்ச்பேக், எஸ்யூவி வகைகளில் பெரும்பாலும் விளக்குத் தொகுதியை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பின்கதவைத் திறந்தால் விளக்கின் உள்விளிம்பில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு திருகுகள் அல்லது போல்ட்டுகள் தெரியும். சில கார்களில் அவற்றைச் சிறு பிளாஸ்டிக் மூடிகள் மறைத்திருக்கும். இரண்டையும் கழற்றியபின்னும் விளக்கு அசையாது. அதன் வெளிவிளிம்பில் உள்ள ஊசிகள் உடற்பகுதியின் துளைகளில் இறுக்கமாகச் செருகப்பட்டிருப்பதே காரணம். இங்குதான் பொறுமை வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் நெம்பாதீர்கள்; இரு கைகளாலும் பிடித்து, காரின் பின்திசையை நோக்கி நேராக, சிறு சிறு அசைவுகளுடன் இழுங்கள். 'டப்' என்ற ஓசையுடன் அது விடுபடும். பத்தாண்டுகள் வெயிலில் நின்ற பிளாஸ்டிக் எளிதில் உடையும் என்பதால், அருகிலுள்ள பெயிண்டின்மீது முதலில் துணியை விரித்துவிட்டுத் தொடங்குங்கள். விடுபட்ட விளக்கு வயரில் தொங்க விடப்படக்கூடாது. ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றுதலும் மாட்டுதலும்

விளக்கின் பின்புறம் சில வட்ட ஹோல்டர்கள் தெரியும். எது பிரேக் விளக்குக்கு உரியது என்பதைக் கண்டறிய, வெளிப்பக்கம் எந்த அறை எரிந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். ஆரஞ்சு பல்பு இண்டிகேட்டருக்கு உரியது. ஹோல்டரை இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்பினால் பல்போடு வெளியே வந்துவிடும்.

உலோக அடிப்பகுதி உள்ள பல்பை, பழைய வீட்டு பல்புகளைப் போலவே, உள்ளே அழுத்தியபடி இடப்பக்கம் திருப்பி எடுக்க வேண்டும். ஆப்பு வகையைத் திருப்பக்கூடாது. நேராக இழுத்தால் வரும். பல்பு பிடித்துக்கொண்டு வர மறுத்தால், கையுறை அணிந்து, துணியைச் சுற்றி, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைந்துவிட்டால், மின்சாரம் இல்லை என்பதை மீண்டும் உறுதிசெய்துகொண்டு, உலோக விளிம்பைக் குறட்டால் பிடித்துத் திருப்பி எடுக்கலாம்.

எடுத்த பல்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை அறுந்திருந்தால், முனைகள் உருகிச் சிறு மணிகளாகத் திரண்டிருப்பது தெரியலாம். கண்ணாடியின் உட்புறம் வெள்ளி கலந்த கறுப்பாக இருந்தால், இழையின் டங்ஸ்டன் ஆண்டுக்கணக்கில் ஆவியாகிப் படிந்திருக்கிறது. அது இயல்பான முதுமை. உட்புறம் பால்போல் வெளுத்திருந்தால் கண்ணாடியில் எங்கோ கீறல் விழுந்து காற்று புகுந்திருக்கிறது. இழை முழுமையாகவே இருக்கிறதா? அப்படியானால் பல்பைக் குப்பையில் போட வேண்டாம், பழுது வேறிடத்தில் இருக்கக்கூடும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஓம் அளவையில் வைத்து இழையைச் சோதிக்கலாம்: குளிர்ந்த நிலையில் நல்ல 21 வாட் இழை ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும்.

புதிய பல்பை மாட்டும் முன் ஹோல்டரின் உட்புறத்தைக் கைவிளக்கில் பாருங்கள். பச்சை நிறத் துரு, கருகிய புள்ளி, உருகிய பிளாஸ்டிக் ஆகியவற்றில் எது இருந்தாலும் அதைக் கவனிக்காமல் புதிய பல்பைப் போடுவதில் பயனில்லை. லேசான துருவை மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் திரவத்தாலும் சிறு தூரிகையாலும் போக்கலாம். பிளாஸ்டிக் உருகியிருந்தால் ஹோல்டரையே மாற்ற வேண்டும்.

பி21/5டபிள்யூ வகையில் உயரமான முனை எந்தப் பள்ளத்துக்கு உரியது என்று பார்த்து, அழுத்தி, வலஞ்சுழியாகத் திருப்புங்கள். விசை தேவைப்பட்டால் பல்பை வெளியே எடுத்து அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் முயலுங்கள். மாட்டியதும் விளக்குத் தொகுதியை மூடும் முன்பே சோதித்துவிடுங்கள். டெயில் லைட்டை எரியவிட்டு, அதன்மேல் பிரேக்கை மிதிக்க வேண்டும். இரண்டு நிலைகளுக்கும் இடையே வெளிச்சம் தெளிவாகக் கூடுவது தெரிய வேண்டும். பிறகு இண்டிகேட்டரையும் பின்னோக்கு விளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனெனில் வேலையின்போது அடுத்த ஹோல்டரின் வயர் தளர்ந்திருக்கலாம்.

நடு விளக்கில் பல்பு இருந்தால் முறை இதுவேதான். அதன் உறையைக் கழற்றுவது மட்டும் காருக்குக் கார் மாறும்.

புதிய பல்பும் எரியாவிட்டால்

முதலில் இரு பக்க பல்புகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். நல்ல பக்கத்து பல்பு இங்கே எரியவில்லை, இங்கே எரியாத பல்பு அங்கே எரிகிறது என்றால் பல்புகள் குற்றமற்றவை. ஹோல்டருக்குள் உள்ள பித்தளைப் பட்டை தட்டையாகி பல்பின் அடியைத் தொடாமல் இருப்பது அடிக்கடி காணும் காரணம். எல்லாம் அணைந்த நிலையில் அதைச் சிறு திருப்புளியால் இலேசாக உயர்த்திவிட்டால் போதும். மல்டிமீட்டர் இருந்தால், பெடலை ஒருவர் மிதித்திருக்கும்போது ஹோல்டரில் ஏறத்தாழ 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வயரில் பழுது.

பிரேக்கை மிதித்தால் அந்தப் பக்கத்து விளக்கு மங்கலாக எரிந்து, இண்டிகேட்டரோ டெயில் லைட்டோ சேர்ந்து மின்னுகிறது என்றால் எர்த் இணைப்பு தளர்ந்திருக்கிறது. மின்சாரம் தன் வழக்கமான திரும்பும் வழி அடைபட்டதால் மற்ற பல்புகளின் வழியாகத் திரும்பிச் செல்கிறது. விளக்குக்கு அருகில் உடற்பகுதியோடு திருகப்பட்டிருக்கும் கறுப்பு அல்லது பழுப்பு வயரைத் தேடி, திருகைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மீண்டும் இறுக்கினால் பல சமயங்களில் சரியாகிவிடும்.

மூன்று விளக்குகளும் எரியாவிட்டால், டேஷ்போர்டின் கீழோ இயந்திர அறையிலோ உள்ள பெட்டியின் மூடியில் 'ஸ்டாப்' என்று குறிக்கப்பட்ட ஃபியூஸைப் பாருங்கள். மூன்று விளக்கும் சேர்ந்து சுமார் 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் அளவே ஆவதால், பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் காரணமில்லாமல் போகாது. கருகியதை அதே ஆம்பியர் அளவுள்ளதால் மட்டும் மாற்றுங்கள். அதுவும் கருகினால் வயர் எங்கோ உரசிக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் பெரிய ஃபியூஸைப் போடுவது வயரைத் தீக்கு ஒப்படைப்பதாகும். காரைப் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எல்இடி பல்பு போடலாமா?

இழை பல்புக்குப் பதில் அதே அளவில் செய்யப்பட்ட எல்இடி பல்பை மாட்டலாமா என்று பலர் கேட்பதுண்டு. எல்இடி, இழை பல்பைவிட ஏறத்தாழ 0.2 வினாடி முன்னதாக எரியும் என்பது உண்மை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது 5 மீட்டர். ஆனால் உங்கள் விளக்கின் பிரதிபலிப்பான் இழை இருக்கும் ஒரு புள்ளியைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. எல்இடி பல்பு பல திசைகளில் ஒளியைத் தெளிப்பதால், பக்கத்தில் நின்று பார்க்கும்போது பளிச்சென்றும், 50 மீட்டர் பின்னாலிருந்து பார்க்கும்போது மங்கலாகவும் இருக்கக்கூடும். மலிவானவற்றில் டெயில் லைட்டுக்கும் பிரேக் விளக்குக்கும் இடையே வேறுபாடும் குறைவு. அது இரவில் ஆபத்தானது. பல்பு கருகியதைக் கண்காணிக்கும் கார்களில், மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் எல்இடியைக் கார் பழுதான பல்பு என்று எண்ணி எச்சரிக்கை காட்டும். சிங்கப்பூரில் வாகன விளக்குகளில் செய்யும் மாற்றங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. இந்தக் காரணங்களால், கார் எந்த வகை பல்புடன் தயாரிக்கப்பட்டதோ அதையே மாட்டுவதுதான் சரி என்பது என் கருத்து.

மூடுவதும் அதன் பிறகும்

விளக்குத் தொகுதியைத் திரும்பப் பொருத்தும் முன் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் ரப்பர் அல்லது நுரைப்பட்டை மடங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் மழையில் அந்தப் பட்டை சரியில்லாத கார்களின் பின்பெட்டியில், உதிரிச்சக்கரம் வைக்கும் குழியில், தண்ணீர் தேங்கிவிடும். ஊசிகளைத் துளைகளுக்கு நேராக வைத்து உள்ளங்கையால் அழுத்தி, அதன்பின் திருகுகளைக் கையால் தொடங்கி ஸ்பேனரால் முடியுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். அடுத்த பெருமழைக்குப் பிறகு மூடியின் உட்புறத்தையும் அந்தக் குழியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூடியில் மெல்லிய ஆவி படிந்து காய்ந்துபோவது இயல்பு. அடியில் நீர்த்துளி உருண்டால் பட்டை பிடிக்கவில்லை என்று பொருள்.

சிங்கப்பூரில் மூன்று முதல் பத்து ஆண்டு வரையிலான கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து ஆண்டைக் கடந்தவை ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அங்கே பிரேக் விளக்குகளையும் பார்ப்பார்கள். ஒரு பல்புக்காகத் திரும்பவும் வரிசையில் நிற்பதைத் தவிர்க்க, கிளம்புவதற்கு முந்தைய மாலை சுவர்ச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஜொகூருக்கு நீண்ட பயணம் புறப்படும் முன்பும் அதுவே நல்ல பழக்கம்.

இரண்டு பல்புகளையும் மாற்றியிருந்தால், இன்னும் எரியக்கூடிய பழைய பல்பைப் புதியதன் பெட்டியில் போட்டு, 'பழையது' என்று எழுதி, கையேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். கடைகள் மூடிய நேரத்தில் வழியில் ஒரு பல்பு போனால் வீடு சேர அது உதவும். கருகியதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போட வேண்டாம்.